கம்பெனிப் பால்

எட்டு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று எதுவும் இருக்கவில்லை. யாராவது யோசனையோடு முகத்தைச் சுருக்கினால் போதும், கேட்காமலே பதில் சொல்லிவிடுவேன். சானமாவுக் காட்டுக்கு யானை எந்த மாதம் வரும், பெங்களூர் பஸ் ஏன் இன்னும் வரவில்லை, அடுத்த வீட்டு அக்காவுக்கு ஏன் மாப்பிள்ளை அமையவில்லை, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. அதில் பாதி தப்பு. ஆனால் உறுதியான குரலில் சொன்னால் தப்பையும் நாலு பேர் நம்புவார்கள் என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தேன். அப்படி நான் மிக உறுதியாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவற்றில் ஒன்று, எங்கள் அத்தாவுக்குக் கம்பெனியில் தினமும் எதற்காகப் பால் கொடுக்கிறார்கள் என்பது.

எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். எண்பதுகளின் நடுவில் ஓசூரில் மாதத்துக்கொரு கம்பெனி புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருக் குழாயடியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை நடக்கும். எந்த மொழியில் ஆரம்பித்தாலும் தண்ணீர் நிற்கும்போது எல்லாரும் ஒரே மொழியில் முணுமுணுப்பார்கள். அத்தா வேலை பார்த்தது பிஸ்கட்டுக்கும் மிட்டாய்க்கும் சோப்புக்கும் மேலுறை அச்சடிக்கும் கம்பெனியில். அதில் அவர் இருந்த இடத்துக்குப் பெயர் இங்க் ரூம். டிரம் டிரம்மாக வந்து இறங்கும் மையில் அதை நீர்க்கவைக்கும் தின்னரை ஊற்றிக் கலக்கி, கேட்ட நிறத்தைக் கேட்ட பதத்தில் மெஷினுக்குக் கொடுக்கும் வேலை அது.

வேலை பார்க்கும் மற்ற அப்பாக்கள் எல்லாம் ஒரே நிறமாக வீடு திரும்புவார்கள். எங்கள் அத்தா மட்டும் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நிறத்தில் வருவார். எவ்வளவு கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மை மிச்சமிருக்கும். ஆரஞ்சு என்றால் மிட்டாய், பச்சை என்றால் சோப்பு, அடர் சிவப்பு என்றால் பிஸ்கட். அவர் விரலைப் பார்த்துவிட்டு அன்று கம்பெனியில் என்ன ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் அறிவிப்பேன். கடைக்கு வரப்போகும் மிட்டாயின் சேதி முதலில் எனக்குத்தான் தெரியும் என்பதால் வகுப்பில் எனக்கு நல்ல மரியாதை இருந்தது.

பிஸ்கட் பாக்கெட்டின் சிவப்பு இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி இருக்கக் கூடாதாம். அதைக் கண்ணால் பார்த்துச் சரி செய்ய அத்தாவைத்தான் கூப்பிடுவார்கள். விரலில் மையைத் தொட்டு, கட்டைவிரலால் இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் தின்னர் என்பார். கையுறை கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் பதம் தெரியாது என்று யாரும் போடுவதில்லை. மை சோப்புக்குப் போகாது, அதனால் அதே தின்னரில் கை கழுவுவார்கள். அத்தாவின் உள்ளங்கை வெளுத்து, கோடு கோடாக வெடித்திருக்கும். அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார். நிறம் தெரிந்தவர்களின் கை அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைக் கிட்டே சேர்க்க மாட்டார். ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தால், "தள்ளு பாப்பா, குளிச்சிட்டு வரேன்" என்று விலகிப் போவார். அது எனக்குப் பெரிய குறை. அவர் சட்டையின் வாசம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ரொம்பக் கனிந்துபோன பழமும் புது பெயிண்டும் கலந்த மாதிரி இருக்கும். அம்மா அந்தச் சட்டையைத் தனி வாளியில் துவைப்பதற்காகப் பின்கட்டில் மாட்டி வைத்திருக்கும்போது, யாரும் பார்க்காத நேரத்தில் முகத்தை அதில் புதைத்து மூச்சை இழுப்பேன். தலை லேசாகச் சுற்றும், சுகமாக இருக்கும். ஒரு நாள் அம்மா பார்த்துவிட்டு முதுகில் ஒன்று வைத்தார். சட்டையை முகர்ந்து பார்ப்பதெல்லாம் ஒரு குற்றமா என்று அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

அத்தாவுக்கு அடிக்கடி தலைவலி வரும். துண்டை மடித்து நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அது வராது. திங்கட்கிழமை தவறாமல் வரும். எனக்கும் பள்ளிக்கூடம் போகும் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வரும் என்பதால் இதில் எனக்கு எந்த ஆச்சரியமும் இல்லை. அத்தாவுக்கும் வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, பாவம் பெரியவர்களுக்கு அதைச் சொல்ல முடியாது என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். பேரிகைப் பக்கத்திலிருந்து ஒருவர் கேனில் பால் கொண்டுவந்து கம்பெனிக்கு ஊற்றுவார். கேன்டீனில் அதைக் காய்ச்சி, இங்க் ரூமில் இருப்பவர்களுக்கு மட்டும் தினமும் ஒரு பெரிய டம்ளர் கொடுப்பார்கள். மெஷினில் நிற்பவர்களுக்குக் கிடையாது, ஆபீஸில் இருப்பவர்களுக்கும் கிடையாது. அத்தா அதைக் குடிக்காமல் டிபன் கேரியரின் மேல் அடுக்கில் ஊற்றி, சைக்கிளில் அலுங்காமல் குலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். அம்மா மறுபடி சூடு பண்ணிக் கொடுப்பார். மேலே விரல் கனத்துக்கு ஆடை படியும். எங்கள் வீட்டில் டீயே பால் இல்லாத டீதான். அங்கே இப்படி ஒரு பால் வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? நீங்கள் குடிக்கவில்லையா என்று அம்மா கேட்டதற்கு, தனக்குப் பால் ஆகாது, வயிற்றைப் புரட்டும் என்று சொல்லிவிட்டார் அத்தா. அம்மாவும் அதோடு விட்டுவிட்டார்.

கம்பெனியிலேயே கெட்டிக்காரர்கள் இங்க் ரூமில்தான் இருக்கிறார்கள், அதனால்தான் அவர்களுக்கு மட்டும் பரிசாகப் பால் என்பது என் விளக்கம். இதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். எதிர்த்துப் பேசியவள் ஒருத்திதான். அவள் அப்பா மேனேஜர் ஆபீஸில் இருந்தார். உங்கள் அப்பாவுக்குப் பால் கொடுக்கிறார்களா என்று ஒரே கேள்விதான் கேட்டேன், வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் பால் நின்றது. பாலை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, தன் கண்ணெதிரே குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்க்க வேண்டும் என்று போர்மேன் உத்தரவு போட்டுவிட்டார். போர்மேன் பெங்களூரிலிருந்து வந்துபோகும் கன்னடக்காரர். கம்பெனி பால் கொடுப்பது ஆளுக்குத்தான், ஆள் வீட்டுக்கு இல்லை என்று சொன்னாராம். இதைவிடக் கருமித்தனம் உலகத்தில் உண்டா என்று நான் கொதித்தேன். அத்தா மட்டும் சிரித்தார். வேறு வழியில்லாமல் சில வாரம் அவரே குடித்தார். வயிறு புரட்டுகிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, எல்லாம் தெரிந்த நானும்தான்.

அந்த வருடம் ரம்ஜான் கோடை விடுமுறையில் வந்தது. இங்க் ரூமில் நோன்பு வைக்கிறவர் அத்தா மட்டும்தான். பகலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் போர்மேன் கண்ணெதிரே பாலை எப்படிக் குடிப்பார்? போர்மேன் தலையைச் சொறிந்துவிட்டு, இந்த மாதம் மட்டும் நீ வீட்டுக்குக் கொண்டுபோய் நோன்பு திறந்ததும் குடி என்று விட்டுவிட்டார். டிபன் கேரியரின் மேல் அடுக்கு மறுபடி நிறைந்தது. பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, வடை என்று எல்லாம் விரித்து வைத்து, பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அத்தா முதல் வாய் தண்ணீர் குடிப்பார். அடுத்த நிமிடமே பால் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிடுவார். ரம்ஜான் மாதத்தில் இறங்கும் பரக்கத் என்ற அருள்வளம் எது என்று மதரஸாவில் கேட்டபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது அந்த டம்ளர்தான்.

மாதத்தின் நடுவில் ஒரு மதியம், கம்பெனி ஜீப் எங்கள் வாசலில் வந்து நின்றது. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடி வந்தோம். ஜீப்பே வந்து இறக்கிவிடும் அளவுக்கு அத்தா பெரிய ஆளாகிவிட்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கும்போது அவர் கால் பின்னியது. இங்க் ரூமில் கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர் அவரைத் தோளோடு அணைத்துக் கூட்டி வந்தார். அத்தாவின் புருவத்துக்கு மேலே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. மற்றொரு கையில் திருநெல்வேலிக்காரர் டிபன் கேரியரைப் பத்திரமாகப் பிடித்திருந்தார். நான் முதலில் பார்த்தது கேரியரைத்தான்.

நடந்ததை அவர் அம்மாவிடம் சொன்னார். ஆவியை வெளியே இழுக்கும் விசிறி கெட்டுப்போய் நாளாகிவிட்டது. காற்று பலமாக அடித்ததால், தூசி வந்து மையில் விழும் என்று ஜன்னலையும் சாத்திவிட்டார்கள். அத்தா மைத் தொட்டியைக் கழுவுவதற்காகத் தின்னரை ஊற்றி, தலையை உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்தவர் அப்படியே சாய்ந்து டிரம் விளிம்பில் நெற்றியை இடித்துக்கொண்டார். வெளியே தூக்கிப்போய்த் தைலமரத்தடியில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். நோன்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லையாம். போர்மேன் உட்பட எல்லாரும் சொன்னது ஒன்றேதான். வெறும் வயிற்றில் வேலை செய்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும், நோன்புதான் காரணம் என்றார்கள். கண்ணை மூடிப் படுத்திருந்த அத்தாவும் ஆமாம், நோன்புதான் என்றார்.

திருநெல்வேலிக்காரர் போகிறபோது டிபன் கேரியரை அம்மாவிடம் நீட்டினார்.

"அக்கா, நோம்பு தொறந்ததும் இந்தப் பால ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிக்கச் சொல்லுங்க. நெஞ்சுல போய் உக்காருத மை வாடையெல்லாம் இந்தப் பாலுதான் அறுத்துத் தள்ளுது. அதுக்குத்தான கம்பெனில குடுக்காங்க. நாங்கள்லாம் அதக் குடிச்சித்தான் நடமாடுதோம்."

தப்பான தகவல் ஒன்று என் காதில் விழுந்தால் அதைத் திருத்தாமல் இருக்க என்னால் முடியாது. அது பரிசுப் பால் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குமுன் இன்னொரு பிழையைத் திருத்த வேண்டியிருந்தது.

"அத்தா குடிக்க மாட்டாரு. டெய்லி நான்தான் குடிப்பேன்" என்றேன், நிமிர்ந்து நின்று.

திருநெல்வேலிக்காரர் செருப்பைத் தேடுகிற மாதிரி தரையைப் பார்த்தார். அம்மா அத்தாவைப் பார்த்தார். அத்தா கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் தூங்கவில்லை என்பது அவர் தொண்டை ஏறி இறங்கியதில் தெரிந்தது. பெரியவர்கள் பேச்சில் பிள்ளைகள் குறுக்கே வந்ததால் எல்லாருக்கும் கோபம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அன்று மாலை பாங்கு சொன்னதும் அம்மா பாலை அத்தா முன்னால் வைத்து, போர்மேன் மாதிரி எதிரிலேயே நின்றுகொண்டார். அத்தா என்னைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். அவர் டம்ளரை எடுத்து, கசப்பு மருந்தைக் குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை குடித்தார். ஆடை மீசையில் ஒட்டியிருந்தது. என் ஆடை அது. நான் கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கதவு மறைவில் போய் உட்கார்ந்தேன். யாரும் சமாதானம் செய்ய வரவில்லை.

மறுநாள் அத்தா லீவு. மதியம் பள்ளிவாசலுக்குப் போய் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். உடம்பு சரியில்லாதவர் நோன்பை விட்டுப் பின்னால் வைத்துக்கொள்ளலாம், மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு என்று அவர் சொல்லியிருக்கிறார். போர்மேனும் அதையே சொல்லி அனுப்பியிருந்தார். நோன்பை நிறுத்திவிட்டுப் பாலை அங்கேயே குடித்தால் இங்க் ரூமில் இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டிவரும். அத்தாவின் உயிர் இங்க் ரூமில்தான் இருந்தது. அந்தச் சிவப்பை வேறு எவனாவது கலப்பான் என்பதை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை. நோன்பைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன் என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. விட வேண்டியது நோன்பா, அந்த ரூமா என்று கேட்டார். அத்தா பேச்சை மாற்றினார்.

இந்தப் பேச்செல்லாம் என் காதில் விழுந்தது. எனக்குத் தேவையான முடிவை நானும் எடுத்துக்கொண்டேன். நோன்பு வைத்தால்தான் பால் வீட்டுக்கு வரும் என்பது சட்டம் என்றால், நானும் நோன்பு வைத்தால் பால் எனக்கும் பாத்தியம்தானே? எட்டு வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையில்லை. வைக்கவும் விடமாட்டார்கள். நான் கேட்கவில்லை. அடுத்த நாள் விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்குப் பாத்திரச் சத்தம் கேட்டதும் எழுந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பத்து மணிக்குள் தண்ணீர் கேட்பாள் என்று அம்மா சொன்னார். அத்தா கடைசி நோன்பாக அதையும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நாளையிலிருந்து பால் கம்பெனியில்தான், இன்றைக்கு மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோ என்று போர்மேன் ஒத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்கு நான் தண்ணீர் கேட்கவில்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கி, எனக்கு நோன்பு என்று தெரிவித்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் தெலுங்குக்கார அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, எச்சிலைக்கூட விழுங்கக் கூடாதாமே, உண்மையா என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன். மதியத்துக்கு மேல் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வீட்டு மூலையில் மாம்பழம் பழுத்து வீடெல்லாம் மணத்தது. பானைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். பிடிவாதம் என்ற ஒன்றை எனக்கு ஆண்டவன் தாராளமாகக் கொடுத்திருந்தான். அதற்கு அன்றைக்குத்தான் சரியான வேலை கிடைத்தது.

ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், அன்று ஏதோ வேலையாக ஓசூர் வந்திருந்தார். முதல் நோன்பு என்று கேள்விப்பட்டதும் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் ஒரு ரோஜா மாலையும் இனிப்புப் பொட்டலமும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதல் நோன்பு வைக்கும் பிள்ளைக்கு மாலை போட்டு, கேட்டதைக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் என் கழுத்தில் போட்ட மாலை முழங்காலைத் தொட்டது. அத்தா வேலையிலிருந்து வந்து, குளித்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் பஞ்சு இன்னும் இருந்தது. நகத்தில் சிவப்பு. பால் டம்ளரை அம்மா அவர் முன்னால்தான் வைத்தார். பாங்கு சொன்னது. நான் பேரீச்சம்பழத்தைக் கடித்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, கணுக்கணுவாக உயிர் திரும்ப வந்ததை உணர்ந்தேன்.

"என்னா வேணும் கேளு" என்றார் மாமா. "ராயக்கோட்டையே வேணும்னாலும் எழுதித் தந்துடறேன்."

"கம்பெனிப் பால்" என்றேன்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். இதற்கா இத்தனை பாடு, ஊரில் பால் கிடைக்காதா என்றார். அத்தா சிரிக்காமல், யோசிக்கவும் இல்லாமல், தன் முன்னால் இருந்த டம்ளரை எடுத்து என் பக்கம் நீட்டினார். அம்மா சட்டென்று உள்ளங்கையால் டம்ளரின் வாயை மூடினார். பால் சூடாக இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

அது என்ன பால் என்று அப்போதுதான் மாமா கேட்டார். அம்மா சொன்னார். ரூமில் காற்றில்லாதது, தொட்டிக்குள் தலையை விட்டது, டிரம்மில் இடித்துக்கொண்டது, அதற்கு மாற்றாகக் கொடுக்கும் பாலை இத்தனை மாதமும் யார் குடித்தார்கள் என்பது, எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல் சொன்னார். மாமாவின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அத்தா தலையைக் குனிந்தபடி, அன்று விழுந்தது நோன்பினால்தான், நாளையிலிருந்து நோன்பில்லை, இனிப் பிரச்சினை இல்லை என்றார்.

அம்மா என் தோளைப் பிடித்து மாலையோடு அவர் பக்கம் திருப்பினார்.

"எட்டு வயசுப் புள்ள. பொழுதுக்கும் பச்சத் தண்ணி இல்லாம தெருவெல்லாம் சுத்திட்டு வந்து நிக்குது, இது விழுந்துச்சா? நானும் நோம்போட அடுப்புல வெந்துக்கிட்டுதான் இருக்கறேன், நான் விழுந்தேனா? நோம்பு ஆள விழ வைக்காதுங்க. அந்த ரூமுதான் விழ வைக்குது."

கலர் பார்க்க அங்கே வேறு ஆளில்லை என்று மட்டும் சொன்னார் அத்தா. கலர் பார்க்கக் கண்தானே வேண்டும், கதவுக்கு வெளியே நின்று பாருங்கள் என்றார் அம்மா. பிறகு மாமாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு தன் பேரத்தைச் சொன்னார். பிள்ளை முதல் நோன்புக்குக் கேட்டதை இல்லையென்று சொல்ல முடியாது. இந்தப் பாலை அவள் குடிக்கட்டும். ஆனால் இதற்குப் பிறகு பால் வேண்டியிருக்கும் இடத்தில் அவர் வேலை செய்யக் கூடாது. சம்மதம் என்றால்தான் கையை எடுப்பேன் என்றார்.

நான் அத்தாவின் முகத்தையும் அம்மாவின் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஆறிக்கொண்டிருக்கிறதே என்பதுதான் என் கவலை. அத்தா தன் விரல்களை விரித்துப் பார்த்தார். நகக்கண்ணில் இருந்த சிவப்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது போகவில்லை.

"நாளைக்கு போர்மேன்கிட்ட சொல்லிடறேன்" என்றார்.

அம்மா கையை எடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. நான் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரே மூச்சில் குடித்தேன். என் வாழ்நாளில் அதைப் போல ஒரு பாலைக் குடித்ததில்லை. குடித்து முடித்து நிமிர்ந்தபோது மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றி என் நோன்புக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வாரம் அத்தா அச்சான மேலுறைச் சுருளை வெட்டும் இடத்துக்கு மாறிவிட்டார். அங்கே பால் கிடையாது. இது எனக்குப் பெரிய மோசடியாகப் பட்டது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு நோன்பு வைத்துப் பார்த்தேன், டிபன் கேரியரின் மேல் அடுக்கு காலியாகவே வந்தது. பாலை எனக்குக் கொடுத்ததைக் கண்டுபிடித்து அத்தாவைத் தண்டித்துவிட்டார்கள் என்று தோன்றியது. அவர் நகமும் எல்லாருடைய நகத்தையும் போல வெறுமனே ஆனது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் இன்றைக்கு என்ன மிட்டாய் என்று கேட்டார்கள். எங்கள் அத்தா மேல் பதவிக்குப் போய்விட்டார், அவ்வளவு உயரத்துக்கு மை எட்டாது என்று சொன்னேன். அதையும் நம்பினார்கள். ஆனால் தலையில் துண்டு கட்டிக்கொண்டு உட்காருவது நின்றுபோயிற்று. வந்ததும் சட்டையோடு என்னைத் தூக்கிக்கொள்வார். அதில் பழ வாசம் இல்லாததால் எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சிவப்பு சரியில்லை என்று எப்போதாவது போர்மேன் கூப்பிட்டு விட்டால், ஜாடியை வெளியே கொண்டுவரச் சொல்லி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வருவாராம். விசிறியும் அடுத்த வருடம் வந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

நான் படித்து நர்ஸ் ஆகி, ஓசூரிலேயே ஒரு கம்பெனியின் மருத்துவ அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் பெயிண்ட் அடிக்கும் பிரிவிலிருந்து வந்த ஒருவர், பால் எங்கே கொடுப்பீர்கள் என்று கேட்டார். அங்கிருந்த டாக்டர் சிரித்துவிட்டு விளக்கினார். பால் போவது வயிற்றுக்கு, தின்னர் ஆவி போவது நெஞ்சுக்கும் தலைக்கும், இரண்டும் வழியில் சந்திப்பதே இல்லை. வேண்டியது காற்றும், முகமூடியும், கையுறையும். பால் குடித்தால் பால் குடித்த பலன், அவ்வளவுதான். அத்தாவின் மருந்தைக் குடித்துவிட்டேனே என்று வளர்ந்த பிறகு உறுத்திக்கொண்டிருந்த எனக்கு, கேட்டதும் ஒரு பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று மாலை நேராக வீட்டுக்குப் போனேன். ஓய்வுபெற்றுவிட்ட அத்தா கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வெடிப்பு மட்டும் அத்தனை வருடம் கழித்தும் முழுதாக மூடவில்லை.

எனக்கே உரிய உறுதியான குரலில் எல்லாவற்றையும் விளக்கினேன். வயிறு வேறு, நெஞ்சு வேறு என்று படம் போடாத குறையாகச் சொன்னேன். "அந்தப் பாலால ஒரு பிரயோஜனமும் இல்ல அத்தா. நீங்க குடிச்சிருந்தாலும் ஒண்ணுதான், குடிக்காததும் ஒண்ணுதான். எனக்குக் குடுத்ததுல உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல" என்று முடித்தேன்.

அவர் எண்ணெய்க் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"அது அப்ப எனக்குத் தெரியாதே பாப்பா."

ஒவ்வொரு மாலையும் டம்ளரை என் பக்கம் நகர்த்திய அந்த விரல்கள் எனக்கு ஞாபகம் வந்தன. தன் நெஞ்சைக் காப்பது அது ஒன்றுதான் என்று அவர் நம்பியிருந்தார். நம்பிக்கொண்டேதான் நகர்த்தினார். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.